நோ-லிமிட் மேசையா, லிமிட் மேசையா: சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக்கோடி வீட்டு மாமாவின் கார் ஷெட்டில் ஞாயிறு மதியம் துனிச் சீட்டாட்டம் நடக்கும். டர்பன்காரர்களுக்குத் துனியை விளக்கத் தேவையில்லை. ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக மட்டும்: நம் ஊர் இருபத்தெட்டுக்கு இது பங்காளி முறை. 24 சீட்டு, நாலு பேர், இரண்டு கட்சி. ஜாக்கிக்குத்தான் முதல் மரியாதை, 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, அதற்கு 20. கைச்சீட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் ‘துனி’ என்று கூவினால் ஆறு பிடியையும் அவரே எடுத்தாக வேண்டும். ஒன்று தவறினாலும் போச்சு. காசு வைத்து ஆடுவதில்லை. தோற்ற கட்சி அடுத்த வாரம் பன்னி சவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) வாங்கித் தர வேண்டும்.

போன மாதம் அந்த ஷெட்டில் ஒரு தகராறு. மாமா சர்க்கரை ஆலை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை மகன் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். கேசினோவில் போக்கர் என்றால் நோ-லிமிட் மட்டும்தான் போட வேண்டும், மற்றதெல்லாம் பல் பிடுங்கிய பாம்பு என்கிறான் அவன். ஒவ்வொரு பந்தயத்துக்கும் உச்சவரம்பு வைக்காமல் மேசை போடுவதே பாவம் என்கிறார் மாமா. “தம்பி, நீ கணக்குப் பிள்ளை. நீயே சொல்லு” என்று என் பக்கம் திரும்பிவிட்டார். நான் திருநெல்வேலியிலிருந்து கணக்கர் வேலைக்கு இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீட்டு மேசைக்குப் போகிறவன். இரண்டு வகை மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். மொத்தக் கணக்கில் நட்டம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று ஷெட்டில் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் பேசியதை இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

நான் சொல்வது ஹோல்டெம் வகைப் போக்கர்: கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, இடையிடையே நாலு சுற்றுப் பந்தயம். முதலில் பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. லிமிட் மேசையில் ‘10, 20’ என்று பலகை வைத்திருந்தால் அது பந்தயத்தின் அளவு. முதல் இரண்டு சுற்றில் 10 ராண்ட் வீதம்தான் வைக்கலாம், ஏற்றலாம். கடைசி இரண்டு சுற்றில் 20 வீதம். பெரும்பாலான இடங்களில் ஒரு சுற்றுக்கு ஒரு பந்தயம், அதன் மேல் மூன்று ஏற்றம், அத்தோடு நிறுத்து. ஆக முதல் இரண்டு சுற்றில் அதிகபட்சம் 40 வீதம் 80, கடைசி இரண்டில் 80 வீதம் 160. தலைகீழாக நின்றாலும் ஒரு ஆட்டத்தில் ஒருவர் 240 ராண்டுக்கு மேல் இழக்க முடியாது.

நோ-லிமிட் மேசையில் அதே ‘10, 20’ பலகை இருந்தால் அர்த்தமே வேறு. அது பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்காமலே இரண்டு பேர் முறைபோட்டு வைக்கிற தொடக்கக் காசு. அதற்கு மேல் எப்போது வேண்டுமானாலும் முன்னால் இருக்கும் சிப் அத்தனையையும் நடுவில் தள்ளலாம். 20 ராண்ட் பிளைண்டுக்கு நூறு மடங்கு, 2000 ராண்டோடு உட்காருவது அங்கே சாதாரணம். அது ஒரே ஆட்டத்தில் போகலாம். பலகையில் எண் ஒன்றுதான். ஆனால் ஒரு மேசையில் 240, இன்னொன்றில் 2000. முதன்முதலாகப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். நானும் இடறியிருக்கிறேன். பலகையைப் பார்த்துச் சின்ன மேசை என்று நினைத்து உட்கார்ந்தேன், பக்கத்தில் இருந்தவர் முதல் ஆட்டத்திலேயே அறுநூறு ராண்டைத் தள்ளினார்.

மாமாவுக்கு நோ-லிமிட் என்றதும் ஞாபகம் வருவது தருமர். இங்கே தெருக்கூத்தை ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்கள். அவர் சின்ன வயதில் பார்த்த கூத்தில் தருமர் நாட்டை வைத்து, தம்பிகளை வைத்து, தன்னை வைத்து, கடைசியில் திரௌபதியையும் வைத்தார். “அதுதான்டா உன் நோ-லிமிட்” என்றார் மருமகனிடம். நான் இடையில் புகுந்தேன். “மாமா, தருமர் நோ-லிமிட் போக்கர் ஆடியிருந்தால் தம்பிமார் தப்பித்திருப்பார்கள்.” காரணம் மேசைப் பணம் என்கிற விதி. ஆட்டம் தொடங்கும்போது மேசை மேல் என்ன இருக்கிறதோ அதை மட்டும்தான் பந்தயம் வைக்க முடியும். சீட்டு நடுவில் இருக்கும்போது பர்ஸை எடுக்க முடியாது, கார் சாவியை வைக்க முடியாது. எதிராளி என்னிடம் இருப்பதைவிடப் பெரிய தொகை வைத்தாலும் இருப்பதை மட்டும் வைத்து நான் முடிவு வரை இருக்கலாம். எனவே நோ-லிமிட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு, அது எனக்கு முன்னால் இருக்கிற சிப். தருமரின் மேசையில் அந்த விதி கிடையாது.

மருமகன் சிரித்தான். அவனுக்கும் பதில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு ஆட்டத்துக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் தொகையில் மட்டும் இல்லை, சீட்டுக் கணக்கில் இருக்கிறது. ஒரு உதாரணம். உங்கள் கையில் இரண்டு ஆர்ட்டின், மேசையில் திறந்த நாலு சீட்டில் இரண்டு ஆர்ட்டின். இன்னும் ஒரே ஒரு சீட்டு வர வேண்டும். ஆர்ட்டின் வந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, ஜெயித்தீர்கள். வராவிட்டால் ஒன்றும் இல்லை. நீங்கள் பார்க்காத சீட்டு 46. அதில் ஆர்ட்டின் 9, மற்றது 37. அதாவது வராமல் போவதற்கான வாய்ப்பு, வருவதைப் போல நாலு மடங்குக்குச் சற்று அதிகம்.

லிமிட் மேசையில் நடுவில் 100 ராண்ட் குவிந்திருக்கிறது, எதிராளி 20 வைக்கிறார். நீங்கள் 20 போட்டால் 120 கிடைக்கலாம், ஆறு மடங்கு. நாலு மடங்கு ஆபத்துக்கு ஆறு மடங்கு பலன். கண்ணை மூடிக்கொண்டு தொடரலாம். எதிராளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்களை விரட்ட முடியாது, 20க்கு மேல் வைக்க அவருக்கு அனுமதியே இல்லை. நோ-லிமிட்டில் அதே 100 ராண்டுக்கு அவர் 100 வைப்பார். இப்போது 100 போட்டால் 200 கிடைக்கலாம், இரண்டு மடங்கு மட்டும். தொடர்ந்தால் நீண்ட நாளில் நட்டம். சீட்டு ஒன்றுதான், முகமும் ஒன்றுதான், ஒரு மேசையில் சரியாக இருந்த முடிவு அடுத்த மேசையில் தப்பாகிவிடுகிறது.

இதனால் என்ன ஆகும்? எதையும் மடக்கிப் போட மனம் வராமல் கடைசிச் சீட்டு வரை காத்திருக்கிறவர் எல்லா மேசையிலும் உண்டு. (நம் ஆட்களில் கொஞ்சம் அதிகம் என்று சொன்னால் சண்டைக்கு வராதீர்கள்.) லிமிட் மேசை அவரை மன்னிக்கும். பல சமயம் அவர் செய்வது சரியாகவே இருக்கும், தப்பானாலும் அபராதம் 20 ராண்ட். அவ்வப்போது அவருக்கு ஆர்ட்டின் வரும், எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள், அவர் காபி சொல்லிவிட்டு இன்னும் மூன்று மணி நேரம் இருப்பார். நோ-லிமிட் மேசையில் அவரை ஒன்றரை மணி நேரத்தில் காலி செய்துவிடுவார்கள்.

எது அதிகத் திறமை என்று கேட்டால் மருமகன் பக்கம்தான் ஜெயிக்கும். 2015இல் கனடாவின் அல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று, இரண்டு பேர் ஆடும் லிமிட் ஹோல்டெம்மை ஏறக்குறைய முழுவதுமாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. ஒருவர் ஆயுள் முழுக்க ஆடினாலும் அந்த நிரலை மிஞ்சினார் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்கு. நோ-லிமிட்டை அப்படி யாரும் தீர்க்கவில்லை. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நிரல் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. ஆனால் தோற்கடிப்பது வேறு, தீர்ப்பது வேறு. பந்தயத்தை எந்த அளவிலும் வைக்கலாம் என்றவுடன் ஆட்டம் கடலாகிவிடுகிறது. ஆனால் கேசினோ தேர்வு மண்டபம் இல்லையே. எது கடினமான ஆட்டம் என்பது மேசை போடுகிறவருக்கு முக்கியமான கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

மேசை போடுகிறவருக்கு என்ன வேண்டும்? போக்கரில் கேசினோ நமக்கு எதிரே உட்காருவதில்லை. நாம் ஒருவர் காசை ஒருவர் பிடுங்கிக்கொள்கிறோம், கேசினோ ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் ரேக். ஒரு பேச்சுக்கு, நடுவில் சேர்ந்ததில் நூற்றுக்குப் பத்து, அதிகபட்சம் 50 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 500 இருந்தாலும் 5000 இருந்தாலும் கேசினோவுக்கு 50தான். பெரிய பந்தயத்தால் அதற்கு லாபம் இல்லை. நிறைய ஆட்டம் ஓட வேண்டும், நாற்காலி காலியாகக் கூடாது, அதில்தான் லாபம். டீலர் ஒருவர் மணிக்குச் சுமார் முப்பது ஆட்டம் போடுவார். நோ-லிமிட்டில் 2000 ராண்டை வைத்துக்கொண்டு ஒருவர் தாடையைச் சொறிந்து யோசித்தால் அது இருபத்தைந்தாகக் குறையும். அதனால் தனக்கு எது லாபம் என்று நிதானமாக யோசிக்கும் கேசினோ லிமிட் பக்கம் சாய வேண்டும். அமெரிக்கக் கேசினோக்களில் பல காலம் அப்படித்தான் இருந்தது, அன்றாட மேசைகளில் பெரும்பாலும் லிமிட்.

அதை மாற்றியது கணக்கு இல்லை, தொலைக்காட்சி. லாஸ் வேகாஸில் 1970இல் கேசினோக்காரர் பென்னி பினியன் தொடங்கிய உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டி 1971 முதலே நோ-லிமிட்தான். ஆனால் அது கொஞ்சம் பேரின் திருவிழா. 2003இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் (ஆம், எங்கள் ஜாதி) 86 டாலர் இணையப் போட்டி வழியாக உள்ளே வந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த ஆண்டு 839 பேர் ஆடினார்கள், அடுத்த ஆண்டு 2,576, 2006இல் 8,773. தொலைக்காட்சியில் மக்கள் பார்த்தது ‘ஆல்-இன்’ என்று எல்லாவற்றையும் தள்ளுகிற கணத்தை. லிமிட் மேசையில் அந்தக் கணமே கிடையாது. துனியில் கூவுவதற்குத் தடை போட்டால் எங்கள் ஷெட்டில் யார் உட்காருவார்கள், யோசித்துப் பாருங்கள்.

சட்டம் போட்டு வரம்பு வைத்த இடங்களும் பின்வாங்கின. ஃபுளோரிடாவில் 2003 வாக்கில் ஒரு பந்தயம் 2 டாலரைத் தாண்டக் கூடாது என்று இருந்தது, 2010 ஜூலையில் வரம்பையே எடுத்துவிட்டார்கள். கொலராடோவின் மலை ஊர்க் கேசினோக்களில் 1991இல் 5 டாலர், 2009இல் 100 டாலர். பிறகு 2020இல் வாக்கெடுப்பு நடத்தி, அந்தந்த ஊரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மாமா இதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்போ ஏழைக்குப் பாதுகாப்பு?” என்றார். சரியான கேள்வி. ஆனால் பந்தய வரம்பு பாதுகாப்புத் தரும் இடம் வேறு. பிரிட்டனில் பந்தயக் கடைகளில் இருந்த இயந்திரங்களில் ஒரு முறைக்கு 100 பவுண்ட் வரை வைக்கலாம் என்று இருந்தது. 2019 ஏப்ரலில் அதை 2 பவுண்டாக வெட்டினார்கள். அது நியாயம், ஏனென்றால் அங்கே எதிராளி இயந்திரம், சில நொடிக்கு ஒரு பந்தயம், ஆடுகிறவருக்கு எந்த வித்தையும் உதவாது. இங்கே தென்னாப்பிரிக்காவிலும் கேசினோவுக்கு வெளியே வைக்கும் சின்ன இயந்திரங்களுக்குத் தொடக்கத்தில் 5 ராண்ட் பந்தயம், 500 ராண்ட் பரிசு என்று கோடு போட்டார்கள். போக்கரில் அதே கோடு வேறு மாதிரி வேலை செய்யும். லிமிட் மேசையில் ஒரு ஆட்டத்தில் 240தான் போகும் என்றேன் அல்லவா? மணிக்கு முப்பது ஆட்டம், எட்டு மணி நேரம் உட்கார்ந்தால்? வரம்பு ஒரு ஆட்டத்தைத்தான் பிடிக்கிறது, ராத்திரியைப் பிடிப்பதில்லை.

லிமிட் என்றால் சின்னது என்ற எண்ணமும் தப்பு. டெக்சஸ் வங்கியாளர் ஆன்டி பீல் 2001 தொடங்கிச் சில ஆண்டுகள் லாஸ் வேகாஸ் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தனித்து ஆடியதெல்லாம் லிமிட்தான். ஒரு பந்தயமே பல பத்தாயிரம் டாலர். 2006 பிப்ரவரியில் மூன்று நாளில் ஃபில் ஐவியிடம் 1 கோடியே 66 லட்சம் டாலர் இழந்தார். ஒவ்வொரு பந்தயத்துக்கும் உச்சவரம்பு இருந்தது, ஒன்றும் குறையவில்லை.

இப்போது மருமகனின் பதில். “அண்ணா, மேசைப் பணம் விதி நல்லதுதான். ஆனா அந்த ஆட்டம் முடிஞ்சதும் எழுந்து போய்க் கார்டைப் போட்டு இன்னொரு ரெண்டாயிரம் எடுத்துட்டு வரலாமே?” நோ-லிமிட் கட்சிக்காரனே நோ-லிமிட்டின் ஓட்டையைக் காட்டிவிட்டான். ஆட்களைக் கவிழ்ப்பது ஆல்-இன் இல்லை, மறுபடி வாங்குவது. எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், ஒரே இரவில் ஆறு முறை வாங்கினார். ஆறாவது தடவை வைத்தது மனைவி கட்டி வந்த சீட்டுப் பணம். சீட்டு கட்டுகிறவள் வீட்டில் சீட்டு பிடிக்கிறவன் இருந்தால் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், கணக்கில் தனித்தனி. அவர் உட்கார்ந்திருந்தது எந்த மேசை தெரியுமா? லிமிட்.

அதனால்தான் ‘எந்த வரம்பு’ என்று கேட்பதை விட்டு ‘எங்கே வரம்பு’ என்று கேட்கச் சொல்கிறேன். பந்தயத்தில் வைக்கலாம். ஒருமுறை மேசைக்குக் கொண்டுவரும் பணத்தில் வைக்கலாம். ஒரு நாளில் எத்தனை முறை வாங்கலாம் என்பதில் வைக்கலாம். நேரத்தில் வைக்கலாம், தமிழ்நாட்டில் 2025இல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டு போட்டது அந்த வகை. இந்த நாலில் பந்தயத்துக்கு வைப்பதுதான் ஆட்டத்தின் குணத்தையே மாற்றுகிறது, பாதுகாப்பில் மிகக் குறைவாகத் தருகிறது. மற்ற மூன்றும் ஆட்டத்தைத் தொடாமல் ஆளைத் தொடுகின்றன.

இடையில் பாட்-லிமிட் என்று ஒன்று உண்டு, நடுவில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு மேல் வைக்கக் கூடாது. சமரசம் மாதிரி தோன்றும். நாலு சுற்றில் ஒவ்வொரு தடவையும் முழுசாக வைத்தால் கடைசியில் நோ-லிமிட் தொகைக்கே வந்து நிற்கும். நாலு சீட்டுக் கையோடு ஆடும் ஒமாஹாவுக்கு அது பொருத்தம். டீலர் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். விட்டுவிடலாம்.

டர்பனுக்கென்று சில விஷயங்கள் உண்டு. 1996இல் சட்டம் மாறும் வரை இந்த ஊர்க்காரர்கள் சீட்டு மேசைக்குப் போக வேண்டுமானால் சன் சிட்டி இருந்த இடம் மாதிரி, நிறவெறி ஆட்சி கறுப்பர்களுக்கென்று ‘தாயகம்’ எனப் பிரித்து வைத்திருந்த நிலங்களுக்குத்தான் போக வேண்டும். இன்று கடற்கரையில் சன்கோஸ்ட், வடக்கே சிபாயா என்று கேசினோக்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, சாட்ஸ்வொர்த்திலிருந்து சீக்கிரம் போய்விடலாம். பக்கத்தில் இருப்பதுதான் சிக்கல், விமான டிக்கெட் போட்டுப் போகிறவன் திட்டமிட்டுப் போகிறான், இரவு எட்டு மணிக்கு மனசு சரியில்லை என்று போகிறவனுக்குத் திட்டம் கிடையாது. இன்னொன்று, நோ-லிமிட்டில் ஜெயித்துவிட்டு ஆயிரக்கணக்கில் ரொக்கத்தோடு நள்ளிரவில் கார் நிறுத்துமிடத்துக்கு நடப்பது இந்த ஊரில் தனி விளையாட்டு. 50,000 ராண்ட் அளவுக்கு ரொக்கம் கை மாறினால் நிதிப் புலனாய்வு மையத்துக்குக் கேசினோ தகவல் தர வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. பயப்பட ஒன்றும் இல்லை, அடையாள அட்டை கேட்டால் கோபப்படாமல் கொடுத்துவிடுங்கள். 2004 தேசியச் சூதாட்டச் சட்டப்படி ‘என்னை உள்ளே விடாதே’ என்று நாமே பெயரைப் பதிந்துகொள்ளலாம். அதைவிட முக்கியம், குடும்பத்தார் நீதிமன்றத்துக்குப் போய் ஒருவர் பெயரைப் பதிய வைக்கக் கேட்கலாம். அந்தச் சீட்டுப் பண அம்மாவுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

சரி, என்னை மேசை போடச் சொன்னால் என்ன செய்வேன்? நோ-லிமிட்டை வைத்துக்கொள்வேன், ஒருமுறை கொண்டுவரும் பணம் பெரிய பிளைண்டுக்கு நூறு மடங்கைத் தாண்டக் கூடாது. ஒரு நாளில் இரண்டு முறைக்கு மேல் வாங்க முடியாது. கேசினோவுக்கு இது கசக்கும், ஆனால் காலியானவன் அடுத்த மாதமும் வர வேண்டுமென்றால் கசப்பு நல்லது. அதன் பக்கத்தில் ஒரு சின்ன லிமிட் மேசை, 5, 10 ராண்ட், வார நாள் மாலையில் மட்டும். அது ஏழைகளைக் காப்பாற்றுவதற்காக இல்லை. மணிக்கணக்காகப் பேசிக்கொண்டே ஆட ஆசைப்படுகிறவர்களுக்காக, ஓய்வூதியக்காரர்களுக்காக, மனைவியைக் கூட்டி வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக. தோற்றாலும் ஒரு மாலைச் சினிமா செலவுக்குள் இருக்கும். நோ-லிமிட் மேசையில் யாரும் பேசுவதில்லை, எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கிறார்கள்.

மருமகன் நோ-லிமிட் கிடைத்த திருப்தியில் தலையாட்டினான். மாமா மட்டும் யோசித்தார். “அந்த லிமிட் மேசைக்கு எட்டுப் பேர் சேரணுமே தம்பி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யார் வருவா?”

அதுதான் என் திட்டத்தின் பலவீனம். தொலைக்காட்சி பார்த்து வளர்ந்தவர்கள் லிமிட் மேசையில் உட்கார மாட்டார்கள், ஆள் சேராத மேசையைக் கேசினோ இரண்டே வாரத்தில் மூடிவிடும். நான் தெருவில் இருக்கிற பெரியவர்கள் பெயரைச் சொல்லச் சொல்ல, மாமா விரல் மடக்கி எண்ணினார். அவர், அவருடைய பழைய ஆலை நண்பர் இரண்டு பேர், எதிர் வீட்டு அத்தை. ஐந்தாவதாக என்னைச் சேர்த்தார். அத்தோடு விரல் நின்றது.

“அஞ்சு பேருக்கு எதுக்குக் கேசினோ?” என்று சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார். “துனிக்கு நாலு போதும். நீ டீ போடு.”